கோடு போட்டது பழ ஈ

மரபணு வெளிப்பாட்டுத் தரவை மென்பொருளில் கொடுத்துவிட்டால் போதும், வெள்ளைப்புள்ளி நோய்க்கு இறாலில் எந்தப் புரதம் திறவுகோல் என்று கணினியே காட்டிவிடும். ஆய்வகம் பெயருக்குத்தான் என்கிறார்கள். வசதிகள் பெருகியிருப்பது உண்மைதான். பழவேற்காடு ஏரியில் வலையில் விழும் அதே வெள்ளை இறாலின் மரபணுத்தொகையை, ஏறக்குறைய 193 கோடி எழுத்துகளை, சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கோத்து வெளியிட்டிருக்கிறது. வலைப்பின்னல் வரையும் சைட்டோஸ்கேப் மென்பொருள் இலவசம். பொன்னேரி மீன்வளக் கல்லூரி மாணவர் மடிக்கணினியிலேயே படம் வரைந்துவிடலாம். அதில் சண்டையில்லை, வரைந்ததை எப்படிப் படிப்பது என்பதில்தான்.

படத்தில் வட்டம் என்றால் புரதம், கோடு என்றால் உறவு. அந்தக் கோட்டைப் போட்டது யார்? பலரும் நம்பியிருக்கும் ஸ்ட்ரிங் தரவுத்தளம், சோதனையில் இரு புரதங்கள் ஒட்டியதையும், இரு பெயர்கள் ஒரே ஆய்வுச் சுருக்கத்தில் சேர்ந்து வந்ததையும், வேறோர் உயிரியில் கண்டதை இங்கே கடத்தியதையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்குகிறது. நாம் மாற்றாவிட்டால் 0.4 எடுத்ததெல்லாம் தேர்ச்சி. இறாலில் நேரடிச் சோதனைகள் சொற்பம் என்பதால் கோடுகளில் பெரும்பகுதி பழ ஈ போன்ற உயிரிகளிடம் கடன் வாங்கியவை. நோய் தரும் வைரஸின் புரதங்களிலோ பெரும்பாலானவற்றுக்கு வேறெங்கும் உறவே தெரியாது. கடன் வாங்க ஆளில்லாததால் அவை படத்தில் ஏறுவதில்லை. களவு நடந்த வீட்டின் படத்தில் கள்வன் மட்டும் இல்லை! கோடு அதிகமுள்ள புரதமே முக்கியம் என்பதும் இப்படித்தான். அதிகம் ஆராயப்பட்ட புரதத்துக்குக் கோடும் அதிகம்.

தரவு நம் இறாலுடையதுதானே என்பார்கள். ஐப்பசி மழையில் ஆரணியாறு நன்னீரைக் கொட்ட ஏரியின் உப்பு இறங்கும். கோடையில் கடலையும் மிஞ்சும். உப்பைச் சமாளிக்கவே இறால் பல மரபணுக்களைக் கூட்டிக் குறைக்கும். நோயுற்றதை ஒரு பருவத்திலும் நலமானதை இன்னொன்றிலும் பிடித்திருந்தால், மென்பொருள் உப்பைக் காட்டி நோய் என்று சொல்லும். தொற்று முற்றினால் இறாலின் இரத்த அணுக்களே குறைந்துவிடும். அணு குறைந்ததா, அணுவுக்குள் மரபணு அடங்கியதா? கூட்டி அரைத்த திசுவிலிருந்து பிரித்தறிய முடியாது.

பழ ஈயிடம் கற்றது வீணா என்ற கேள்வி நியாயமானது. ஈயில் அறியப்பட்ட ‘டோல்’ என்ற நோய் எதிர்ப்புப் பாதை இறாலிலும் உண்டு. ஆனால் அதையும் இறாலில் தேடிப் பார்த்த பிறகே உண்டு என்றார்கள். சோதனையும் லேசுப்பட்டதல்ல: ஒரு மரபணுவை அடக்க இரட்டை இழை ஆர்.என்.ஏ. செலுத்துவது வழக்கம், சம்பந்தமில்லாத இழையைச் செலுத்தினாலும் இறாலுக்கு வைரஸிடமிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைப்பதை 2004இல் கண்டார்கள். சோதனைக்கு முன் படத்தையாவது சலிக்கலாம்: ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு சான்று வகையையும் தனித்தனியே அணைக்கலாம். பெயர்கள் சேர்ந்து வந்த சான்றை அணைத்து, வரம்பை 0.7க்கு ஏற்றியபின் எத்தனை கோடுகள் மிஞ்சின என்பதை ஆய்வறிக்கையில் ஒரு வரி எழுதினாலே படிப்பவர் எடைபோட்டுக்கொள்வார்.