2 வருஷமா அடைக்காத ஓட்டை. 3,800 சர்வர்கள் காலி!

ஒரே காம்பவுண்டுக்குள் பத்து குடித்தனம் இருப்பது மாதிரி, ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். இதற்கு 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். எது ஓடுது, எது நிக்குது என்று எங்கோ உட்கார்ந்து பார்க்கலாம், நிறுத்தலாம். வசதிதான். ஆனால் கேட் சாவி திருடன் கையில் கிடைத்தால்?

2023 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. விஎம்வேர் நிறுவனத்தின் 'இஎஸ்எக்ஸ்ஐ' சாப்ட்வேர் ஓடும் சர்வர்களுக்குள் மர்ம கும்பல் புகுந்தது. ஓடிய மெஷின்களை நிறுத்தி, பைல்களைப் பூட்டி, பிட்காயின் கேட்டு மிரட்டியது. பிரான்ஸ், அமெரிக்கா என உலகம் முழுக்க 3,800-க்கும் மேற்பட்ட சர்வர்கள் சிக்கின.

கும்பல் நுழைந்ததாக பிரான்ஸ் அதிகாரிகள் சொன்ன ஓட்டை புதுசு இல்லை. அதை அடைக்கும் அப்டேட் 2021 பிப்ரவரியிலேயே வந்தாச்சு. போடத்தான் ஆள் இல்லை!

பல சர்வர்களில் பெரிய பைல்கள் முழுசா பூட்டப்படாமல் தப்பின. அவற்றை மீட்க அமெரிக்க அரசு இலவச வழி கொடுத்தது. உடனே கும்பல் பூட்டையே மாற்றிவிட்டது.

ஒரு கேட் உடைந்தால் பத்து வீடும் போச்சு. சம்பளக் கணக்கு, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் இப்படிப்பட்ட சர்வரில்தான் கிடக்கு. அப்டேட் போடாத அலட்சியத்துக்கு விலை கொடுப்பது கடைசியில் நாமதான்.