ரொட்டியா? சோறா? அரபுப் பரீட்சையில் ஒரு சொல் படுத்தும் பாடு!

துபாய், குவைத் என்று வேலைக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். "குப்பூஸ்" என்றால் ரொட்டி என்று சட்டென்று சொல்வார்கள். அதே ரொட்டிக்கு எகிப்து நாட்டு வீடுகளில் பெயர் "ஏஷ்". குவைத்திலோ "ஏஷ்" என்றால் சோறு!

பேச்சு இப்படி நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பது ஏட்டு அரபு. அதில் ரொட்டிக்கு "குப்ஸ்". குவைத் பையனுக்கு அது ஏறக்குறைய அம்மா சொன்ன வார்த்தை. கெய்ரோ பையனுக்கோ வாத்தியார் சொல்லித்தந்த வார்த்தை. இரண்டு பேருக்கும் ஒரே கேள்வியைப் போட்டு, யார் கெட்டிக்காரன் என்று பார்த்தால் நியாயமா?

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. 2021-ம் ஆண்டின் "பிர்ல்ஸ்" என்ற உலக வாசிப்புத் தேர்வில் எகிப்து, மொராக்கோ, ஜோர்டான், சவுதி உள்பட 8 அரபு நாடுகள் கலந்துகொண்டன. நாடுவாரியாக மார்க் 2023-ல் வெளியானது.

ரெயில் ஏறாத பையன்

ஒரே நாட்டுக்குள்ளும் சிக்கல் உண்டு. எகிப்தில் நம்ம பிளஸ்-2 மாதிரி ஒரு பொதுத்தேர்வு இருக்கிறது. டாக்டருக்குப் படிப்பதா, என்ஜினீயருக்குப் படிப்பதா என்பதை அந்த மார்க்தான் முடிவு செய்கிறது. அரபுத் தாள் கட்டாயம்.

கெய்ரோவில் 1987 முதல் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. அதில் வண்டி மாறி ஏறுவதைப் பற்றி ஒரு பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? பட்டணத்துப் பிள்ளை பத்தியைப் படிக்காமலே பதில் எழுதிவிடும். கிராமத்துப் பிள்ளை திணறும். அங்கே சோதிக்கப்படுவது அரபு அல்ல, ரெயில் பழக்கம்!

கண்டுபிடிப்பது எப்படி?

மொத்த மார்க் சமமாக வாங்கிய கிராமத்துப் பிள்ளைகளையும் பட்டணத்துப் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்வார்கள். கேள்வி கேள்வியாக ஒப்பிடுவார்கள். ஒரே ஒரு கேள்வியில் மட்டும் ஒரு தரப்பு சறுக்கினால் சந்தேகம் அந்தக் கேள்வி மேல்தான். மருத்துவ ஆராய்ச்சிக்காக 1959-ல் மாண்டல், ஹான்செல் என்ற இருவர் வகுத்த கணக்கு இது. 1988-ல் அதைப் பரீட்சைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்காக, மார்க் குறைந்தாலே கேள்வித்தாள் மேல் பழி போடவும் கூடாது. அதே 2021 தேர்வில் அரபு நாடுகளில் மாணவிகள்தான் மாணவர்களை முந்தினார்கள். அதனால் கேள்வி ஓரவஞ்சனை என்று ஆகிவிடாது. பையன்கள் உண்மையிலேயே குறைவாகப் படித்திருக்கலாம். அந்தக் குறையைக் கேள்வியை மாற்றித் தீர்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில்தான் தீர்க்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

கணக்கு சந்தேகத்தைத்தான் கிளப்பும். கேள்வியை நீக்குவதா, வைப்பதா என்று வாத்தியார்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதையும் மார்க் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ரிசல்ட் வந்து, காலேஜில் இடம் போன பிறகு "கேள்வி தப்பு" என்று சொல்லி யாருக்கு லாபம்?

கடைக்காரர்களுக்குத் தெரியும்: தராசு நேராக நின்றால் மட்டும் போதாது, எடைக்கல்லும் சரியாக இருக்க வேண்டும்!