ஜிம் போறீங்க சரி, அந்த வைட்டமின் மாத்திரை எதுக்கு?

ஓ.பி.க்கு வர்ற தம்பிகள் அடிக்கடி கேட்கிறது: "டாக்டர், வொர்க்அவுட் பண்ணா ஃப்ரீ ரேடிக்கல்ஸ் கூடுமாமே? ஆன்ட்டிஆக்சிடன்ட் மாத்திரை எழுதிக் குடுங்க."

கூடும்கிறது உண்மைதான். தசை கடுமையா வேலை செய்யும்போது ஃப்ரீ ரேடிக்கல்ஸ் அதிகமா உருவாகும். அவை செல்லில் உள்ள கொழுப்பைத் தாக்கும்போது மாலோன்டைஆல்டிஹைடுன்னு ஒரு பொருள் உண்டாகும். நல்லா ஓடிட்டு வந்த உடனே ரத்தம் எடுத்தா, எந்த நோயும் இல்லாதவருக்கும் அது ஏறியிருக்கலாம். பிறகு தானா இறங்கிடும்.

இந்த ஏற்றத்தைப் பார்த்து ஏன் பயப்படணும்? தடுப்பூசி போட்ட அன்னைக்கு லேசா காய்ச்சல் அடிக்குதே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். அந்தச் சின்னத் தாக்குதலைப் பார்த்துத்தான் உடம்பு தன்னோட பாதுகாப்பு என்சைம்களை (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளுட்டதயோன் பெராக்சிடேஸ்) கூடுதலா தயாரிக்கப் பழகுது. மாசக்கணக்கா விடாம பயிற்சி செய்றவங்க உடம்பு அதே ஓட்டத்தைச் சுலபமா சமாளிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2009ல் ஜெர்மனியில் ஆரோக்கியமான இளைஞர்களை 4 வாரம் பயிற்சி செய்ய வச்சாங்க. பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் சி 1000 மி.கி., வைட்டமின் இ 400 யூனிட். மாத்திரை போடாதவங்களுக்கு இன்சுலின் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சது. போட்டவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கலை! பாதுகாப்பு என்சைம்களும் எதிர்பார்த்த மாதிரி கூடலை.

சர்க்கரை நோய் இவ்வளவு இருக்கிற நம்ம ஊர்ல, நாம நடக்கிறதே அந்தப் பலனுக்காகத்தானே?

எல்லா ஆய்வும் இதையே சொல்லலை. 2014ல் வந்த நார்வே ஆய்வில், 11 வாரம் மாத்திரை போட்டவங்க தசையில் மைட்டோகாண்ட்ரியா வளர்ச்சிக்கான அறிகுறிகள் குறைஞ்சது. ஆனா ஓடுற திறன் ரெண்டு குழுவுக்கும் ஒரே மாதிரிதான் கூடுச்சு. அதனால "மாத்திரை போட்டா பயிற்சியே வீண்"னு நான் சொல்ல மாட்டேன். ஆரோக்கியமா இருக்கிறவருக்கு லாபம் தெரியலை, நஷ்டம் வரலாம். அப்புறம் எதுக்குக் காசு?

சிகரெட் பிடிக்கிறவங்க கூடுதல் கவனம். 1994 பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை போட்ட புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாச்சு.

"ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்" பார்க்கிறோம்னு செக்கப் பேக்கேஜ்ல விக்கிறாங்களா? வேண்டாம். அந்த அளவை வச்சு உங்க சிகிச்சையில் எதையும் நாங்க மாத்தப் போறதில்லை. அந்தக் காசுக்கு பி.பி.யும் சுகரும் பாருங்க. ஜி.ஹெச்.ல அது இலவசம்.

நெல்லிக்காய், கொய்யா, கீரை தாராளமா சாப்பிடுங்க. நான் சொல்றது அதிக டோஸ் மாத்திரையை மட்டும்தான். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட்னு டாக்டர் எழுதிக் குடுத்ததை இந்த த்ரெட்டைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.