ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

என் தங்கச்சி யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள் என்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டார். பொய்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. வரிசையில் நின்று, முறை வந்ததும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, பின்மண்டை வலிக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, நெஞ்சு படபடக்கிறது. உள்ளே புழுங்குவதை எங்கள் ஊர்ப் பெண்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

அந்தச் சீட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. 'பாடி பெயின்', 'கிடினெஸ்'. கீழே பாராசிட்டமால், கேஸ் மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ். மூலையில் நர்ஸ் குறித்த எடை. முதல் சீட்டில் 54. பிறகு 51. கடைசிச் சீட்டில் 47. ஏழு கிலோ கரைந்திருக்கிறது, அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள், ஏன் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "பிரஷர் நார்மல், சுகர் நார்மல். மனசைப் போட்டு அலட்டிக்காம இரும்மா." மனசு என்று உங்கள் வாயிலேயே வந்துவிட்டதே! அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க எது தடுத்தது?

"செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். மனச்சோர்வைக் கண்டறிய உலகமெங்கும் பொது மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 தாளில் ஒன்பதாவது கேள்வி இதைத்தான் கேட்கிறது. அந்தத் தாளுக்குக் காசு இல்லை, கருவி வேண்டாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன.

தற்கொலை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் கடைசி ஒரு மாதத்துக்குள் சாதாரண மருத்துவர் ஒருவரைப் பார்த்திருக்கிறார்கள் என்று 2002இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. அதே மாதத்தில் மனநலச் சேவையை நாடியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 1983, 84இல் ஊர் மருத்துவர்களுக்கு மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலை குறைந்தது. பயிற்சி நின்ற சில வருடங்களில் மறுபடி ஏறியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் 19,834 பேர் தற்கொலையில் இறந்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. இந்தியா முழுக்கக் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்தபடியாக எழுதப்படும் காரணம் நோய். 'தீராத வயிற்று வலியால்' என்று பேப்பரில் போடுவார்களே, அது. நோய் என்றால் வைத்தியத்துக்குப் போயிருப்பார்கள்தானே? போன இடத்தில் என்ன நடந்தது என்று எந்த அறிக்கையும் கேட்பதில்லை.

2021இலிருந்து அரசின் சுகாதார ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். வாசல்வரை வந்தவர் சாகத் தோன்றுகிறதா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் குறைந்தா போய்விடும்? மனம் தாளாதவர்கள் எந்நேரமும் இலவசமாகப் பேச 14416 என்ற எண் இருக்கிறது, 104 இருக்கிறது. அந்த எண்கள் எத்தனை ஆஸ்பத்திரிகளில் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கின்றன! என் தங்கச்சியின் ஒரு சீட்டிலாவது அவற்றை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், டாக்டர் ஒருவர்தான் இருப்பார், தெரியும். அவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் போடாதது யார்? பயிற்சி கொடுக்காதது யார்? மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. கால் நூற்றாண்டு தாண்டியும் அது எங்கள் ஊர் ஓ.பி. மேஜைக்கு வந்து சேரவில்லை. மனச்சோர்வு குணமாகும் நோய். மாத்திரை உண்டு, ஆலோசனை உண்டு, மீண்டு வந்து பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்குகிறவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர் உண்டு. அந்த வாய்ப்பை அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை?

இன்றைக்கும் அதே மேஜைக்கு, அதே அசதியோடும் தூக்கமில்லாத கண்ணோடும் பெண்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடமாவது கேட்பீர்களா, மாட்டீர்களா? எனக்குப் பதில் வேண்டும்.