கொழுப்பை அளக்கிறோம், நஞ்சை அளக்கிறோமா?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. மறு ஆண்டு வெளியான முடிவுகளில், நாம் பெரிதும் அஞ்சிய கலப்படத்தைவிட அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சே பெரிய சிக்கலாக வெளிப்பட்டது. 368 மாதிரிகளில் அது வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. மேலும் 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியிருந்தது.

இவை இரண்டும் பாலில் தண்ணீர் ஊற்றுபவரின் கைவரிசை அல்ல. மாட்டின் தீவனத்திலும் மடியிலும் தொடங்குபவை. ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சையின் நச்சு, மாட்டின் கல்லீரலில் உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது அழிவதில்லை. மடிநோய்க்கு ஊசி போட்டால் சில நாள்களுக்குப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. இரண்டே மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்துபவர் அந்த வருமானத்தை எப்படி இழப்பார்?

இந்த இடத்தில்தான் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பேசப்படுகின்றன. மாடு வைக்கோலைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில், ஒரு மில்லி லிட்டருக்கு ஆயிரம் கோடி அளவில் வாழும் பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்கின்றன. வீட்டில் மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் அளவின்றி ஊற்றினால் வயிற்றில் அமிலம் பெருகி அவை மடிகின்றன. ஈஸ்ட் சேர்ப்பது அந்த அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறது. ஈஸ்டின் செல்சுவர் பூஞ்சை நச்சின் ஒரு பகுதியை ஒட்டிப் பிடிப்பதும் ஆய்வகங்களில் காணப்பட்டிருக்கிறது. அயர்லாந்தில் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவை மடிக்குள் செலுத்திய களச் சோதனைகளில், ஆன்டிபயாடிக்குக்கு ஈடான பலன் கிடைத்தது. சோளத்தட்டையைக் காற்றுப் புகாமல் அடைத்து ஊறுகாய்ப்புல் செய்வதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் கைங்கரியமே.

ஆனால், ஆய்வகத்துக்கும் தொழுவத்துக்கும் இடையே கடை ஒன்று இருக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் மீனவர்களின் ஊர். அங்கிருந்து ஆற்றோரமாகச் சற்று மேலே வந்தால் ஆத்தூர், முக்காணி என நெல்லும் வாழையும் விளையும் ஊர்கள். மழைக்காலத்தில், கடற்காற்றின் ஈரத்தோடு, பிண்ணாக்கு மூட்டையில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் ஆவதில்லை. அந்தப் பகுதித் தீவனக் கடை ஒன்றில் 'புரோபயாடிக்' பொட்டலங்கள் வெயில் படும் முகப்பில் தொங்குவதைக் கண்டேன். எந்த நுண்ணுயிர், கிராமுக்கு எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற விவரம் நான் எடுத்துப் பார்த்தவற்றில் இல்லை. உள்ளே இருப்பவை எப்போதோ செத்திருக்கவும் கூடும்.

நல்ல பொட்டலமே கிடைத்தாலும் விவசாயி அதை ஏன் வாங்க வேண்டும்? ஆவின் கொள்முதல் விலை கொழுப்பையும் இதரச் சத்தையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. மடிநோயில்லாத, நச்சில்லாத பாலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் மடிநோயைக் காட்டும் உடல் செல்களுக்கு மில்லி லிட்டருக்கு 4 லட்சம் என வரம்பு விதித்திருக்கிறது. அங்கே மாட்டின் நலம் விற்பனையோடு கட்டப்பட்டிருக்கிறது. இங்கே அது விவசாயியின் தனிப்பட்ட கவலை.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்ந்த மடிநோய்ப் பூச்சு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் தொழுவங்களுக்குப் போனது. தேசியப் பால்வள வாரியமும் அதைப் பரப்பியது. செய்முறை எவருக்கும் தெரியும், விலையும் சொற்பம். நுண்ணுயிர்ப் பொட்டலங்களுக்கும் அப்படியொரு பொதுச் சோதனை தேவை. திருநெல்வேலியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தக் கடற்கரைக்கு எட்டிய தொலைவில்தான் இருக்கிறது. சந்தைப் பொட்டலங்களைச் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிடும் பணியை அரசு அதனிடம் ஒப்படைக்கலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் சில சங்கங்களில் மட்டுமாவது, பூஞ்சை நச்சு இல்லாத பாலுக்கு லிட்டருக்குக் கூடுதல் விலை தந்து பார்க்கலாம். அதுவரை, பிண்ணாக்கு மூட்டையை ஈரத்தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி வைப்பதே எந்தப் பொட்டலத்தையும்விட மலிவான மருந்து.