இலக்கம் சொல்லும் ஊர்



தொலைபேசி இலக்கத்தின் முன் எண்களைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பது நல்லதொரு பொழுதுபோக்கு. பிள்ளைகளோடு சேர்ந்து பழகிப் பாருங்கள். வீட்டுக் காசையும் அது காக்கும்.

நம் வாவிக்கரையில் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் குறியீடு 065. தெற்கே கல்முனைக்கு 067. வெளிநாட்டு இலக்கமென்றால் முன்னால் 00 அல்லது கூட்டல் அடையாளம் வரும். அதையடுத்து வருவது நாட்டின் குறியீடு: இலங்கை 94, சவூதி 966, குவைத் 965, கட்டார் 974, துபாய் உள்ள அமீரகம் 971. குறியீடு 2இல் தொடங்கினால் பெரும்பாலும் ஆபிரிக்க நாடு.

கணவரோ மகனோ கட்டாரில் இருக்க, இரவில் 2இல் தொடங்கும் இலக்கமொன்றிலிருந்து மணி ஒரு தடவை அடித்து நின்றுவிடுகிறது. 'அவர்தான் புது இலக்கத்தில் எடுத்தாரோ' என்று பதறித் திருப்பி எடுத்தால் ரீலோட் காசு கரைந்துவிடும். அந்தக் கட்டணத்தில் மோசடிக்காரருக்கும் பங்கு உண்டு. ஜப்பானில் இதற்கு 'வன்கிரி' என்று பெயர். ஒரு மணியோடு துண்டிப்பது என்று பொருள்.

ஆகவே, உங்களவர் இருக்கும் நாட்டின் குறியீட்டைச் சுவர்க் கலண்டரில் எழுதி வையுங்கள். தெரியாத குறியீட்டுக்குத் திருப்பி எடுக்காதீர்கள். உண்மையில் தேவையுள்ளவர் மீண்டும் எடுப்பார்.

இன்னொன்று: திரையில் தெரியும் இலக்கத்தையும் பொய்யாகக் காட்ட முடியும். குறியீடு சரியாக இருந்தாலும், அவசரமாகப் பணம் கேட்டால் வைத்துவிட்டு, உங்களிடமுள்ள பழைய இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.