வெயிலில் வாடுவது இபாதத் ஆகாது

கத்திரி பிறந்துவிட்டால் செய்யாற்று மணல் காலை பத்து மணிக்கே காலைச் சுடுகிறது. அந்நாள்களில் நம்மிடையே ஒரு பேச்சு வாடிக்கையாக எழுகிறது: "வெயில் வருடந்தோறும் வருவதுதான். நரக நெருப்பு இதைவிடக் கடுமையானது. பொறுமை கொள்ளுங்கள்." இறையச்சம் போல ஒலிக்கும் இப்பேச்சை நாம் மறுக்கிறோம்.

நரக வெப்பத்தை நினைவூட்டும் அந்த இறைவசனம் (9:81), தபூக் போருக்குச் செல்லாதிருக்க வெயிலைச் சாக்காகக் காட்டிய நயவஞ்சகர்களைக் குறித்தது. நண்பகலில் சித்தாள் வேலை பார்க்கும் ஏழையின் வாயை அடைப்பதற்காக அது இறங்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையோ தெளிவானது. அபூ இஸ்ராயீல் (ரலி) என்ற தோழர் நிழலில் ஒதுங்காமலும், உட்காராமலும், பேசாமலும் நோன்பிருப்பதாக நேர்ந்துகொண்டு வெயிலில் நின்றார். அவரை நிழலுக்கு வரவும், உட்காரவும், பேசவும் பணித்த நபியவர்கள், நோன்பை மட்டும் நிறைவு செய்யச் சொன்னார்கள். புகாரியில் பதிவான இந்நிகழ்ச்சி நமக்குச் சொல்வது ஒன்றே: நோன்பு வணக்கம், வெயிலில் வாடுவது வணக்கமன்று. கடும் வெப்பத்தில் ளுஹர் தொழுகையையே வெயில் தணியும் வரை பிற்படுத்தச் சொன்னதும் அதே நபிதான். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபு நூல்களும் இதை ஏற்கின்றன. படைத்தவனுக்குரிய தொழுகையே வெயிலுக்காகச் சற்றுப் பொறுக்கும்போது, நாம் கட்டும் வீட்டின் கான்கிரீட் வேலை பொறுக்காதா?

இங்கேதான் நம் முரண்பாடு வெளிப்படுகிறது. நம் பிள்ளைகள் பிழைக்கச் சென்ற அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. கத்தாரில் 2021 முதல் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை தடை. அந்த நிழலில் இளைப்பாறி ஈட்டிய பணத்தில் ஊரில் வீடு எழுப்பும்போது, கொத்தனாரை உச்சி வெயிலில் சாரத்தில் நிறுத்துகிறோம். இது எவ்வகை நீதி?

சுற்றுப்புற வெப்பம் உடலின் 37 டிகிரியைத் தாண்டும்போது, வியர்வை உலர்வது ஒன்றே உடலைக் குளிர்விக்கும் வழி. அதுவும் போதாமல் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறியபடி 108ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது.

வெயில் எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்து, ஒதுங்க இடமின்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் பிறருக்கு நிழல் தந்தோமா என்ற கேள்வி நம்மிடம் கேட்கப்படும்.

ஆரணிப் பட்டு நெசவாளரைப் பாருங்கள். இழை உலர்ந்தால் பாவு அறுந்துவிடும் என்று பலர் விசிறிக் காற்றையும் தவிர்த்து, சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் தறிக்குழியில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எச்சமூகத்தவராயினும் நம் அண்டை வீட்டார். நாம் திருமணத்துக்கு எடுக்கும் பட்டில் அவர்களின் வியர்வையும் உண்டு.

ஆகவே ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது சிறிது. ளுஹருக்குப் பின் பள்ளிவாசலைப் பூட்டாதீர்கள்; அசர் வரை அதன் நிழலும் ஹவ்ள் நீரும் வழிப்போக்கருக்குப் பயன்படட்டும். சாமியானாவின் கீழ் முதியோர் வாடும் ஜும்ஆ நாளில் பயானைச் சுருக்குங்கள். குத்பாவைச் சுருக்குவது சுன்னத்தும்கூட. பெயர்ப்பலகை பெரிதாகவும் பானை சிறிதாகவும் உள்ள தண்ணீர்ப் பந்தல் வேண்டாம். நாய்க்கு நீர் புகட்டியவரையே இறைவன் மன்னித்தான். அங்கே விளம்பரம் ஏதும் இருக்கவில்லை. வேலை கொடுப்போர் விடியலில் தொடங்கி, 12 மணிக்கு முன் நிறுத்தி, முழுக் கூலி கொடுக்கட்டும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் காரணம் சான்றளிக்கப்படாத மரணத்துக்கு அது எட்டாது. "வயசாயிடுச்சு, போய்ட்டாங்க" என்று மாலைக்குள் அடக்கிவிடும் நம் அவசரத்தில் ஏழைக் குடும்பத்தின் உரிமையும் புதைந்துபோகிறது. விரைந்து அடக்குவது நல்லதே. அதற்கு முன் மருத்துவரிடம் காரணத்தைப் பதிவு செய்வதும் கடமை.

மறுமையில் அர்ஷின் நிழலை வேண்டும் நாம், இம்மையில் பிறருக்கு நிழல் மறுக்கலாமா? அல்லாஹ் நமக்கு இரக்கமுள்ள இதயத்தைத் தருவானாக. ஆமீன்.